கண்ணின் நடுவம் நோக்கிய பயணம்: நெக்டர் குழுவின் முதல் இசைத்தொகுப்பும் தட்டில் பதியாத ஒளியும்

ஆய்வுச் சுருக்கம்

மேற்கு ஜெர்மனியில் வாழ்ந்த ஆங்கிலேய இசைஞரின் குழுவாகிய நெக்டர், 1971ஆம் ஆண்டு தன் முதல் இசைத்தொகுப்பை ‘ஜர்னி டு த சென்டர் ஆஃப் த ஐ’ என்னும் பெயரில் வெளியிட்டது. சைக்கடெலிக் இசைக்கும் புரோகிரசிவ் ராக் இசைக்கும் இடைப்பட்ட இத்தொகுப்பு, ஒரு விண்வெளி வீரனின் பயணத்தைத் தொடர்ச்சியாகச் சொல்லும் அறிவியல் புனைவு. இதன் கதை தெளிவற்றது என்னும் குறை சொல்லப்படுவதுண்டு. ஒளிக்காட்சிக் கலைஞரை முழு உறுப்பினராகக் கொண்ட ஒரு குழுவின் படைப்பை ஒலித்தட்டை மட்டும் வைத்து மதிப்பிடுவதால் அக்குறை மிகுந்து தோன்றுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நெக்டர், புரோகிரசிவ் ராக், அறிவியல் புனைவு, கருப்பொருள் தொகுப்பு, ஒளிக்காட்சி, பனிப்போர், இசை வரலாற்றுச் சான்றுகள்.

முன்னுரை

ராக் இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இசைத்தட்டையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றனர். அதற்குக் காரணம் உண்டு. தட்டு கைக்கு எட்டுகிறது. அதன் உறையில் ஆண்டும் நிறுவனமும் கலைஞர் பெயர்களும் அச்சாகியுள்ளன. ஐயம் எழுந்தால் மீண்டும் கேட்டுச் சரிபார்க்க முடிகிறது. பதிப்பாசிரியருக்குச் சுவடி எப்படியோ அப்படியே இசை வரலாற்றாளருக்குத் தட்டு. ஆனால் கூத்தின் ஏட்டுப்படி கூத்தாகிவிடாது என்பதைத் தெருக்கூத்தை ஆராய்ந்தோர் நன்கு அறிவர். அடவும் ஒப்பனையும் விடியும்வரை எரிந்த விளக்கும் ஏட்டில் இரா. ஏட்டை மட்டும் படித்தவருக்குக் கூத்து இழுவையாகவும் கோவையற்றதாகவும் தோன்றினால், அது கூத்தின் குறையா, ஏட்டின் எல்லையா என்று கேட்டாக வேண்டும்.

அதே கேள்வியை நெக்டர் குழுவின் முதல் இசைத்தொகுப்பின்மேல் வைக்கலாம். இக்குழுவின் உறுப்பினர் ஐவர். ராய் ஆல்பிரைட்டன் கிதார் வாசித்துப் பாடினார். ஆலன் ‘டாஃப்’ ஃபிரீமன் ஆர்கன், மெல்லோட்ரான் முதலிய விசைப்பலகைக் கருவிகளை இசைத்தார். டெரிக் ‘மோ’ மூர் பேஸ் கிதார். ரான் ஹவ்டன் டிரம்ஸ். ஐந்தாமவர் மிக் பிராக்கெட். அவர் எந்தக் கருவியையும் வாசிக்கவில்லை. தொகுப்பின் கலைஞர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருப்பது ‘திரவ ஒளிகள்’. அவருடன் கீத் வால்டர்ஸ் என்பவர் ‘நிலைப்படங்கள்’ என்ற குறிப்புடன் இடம்பெறுகிறார். கேட்பதற்காக விற்கப்பட்ட ஒரு பொருளின் மேல், கேட்கவே முடியாத இரண்டு பங்களிப்புகள் பதிவாகியுள்ளன. வாங்கியவர் வீட்டில் அவ்விரண்டும் இல்லை.

ஹாம்பர்க்கில் ஆங்கிலேயர்

நெக்டர் 1969ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் உருவானது. துறைமுக நகராகிய ஹாம்பர்க்குக்கும் ஆங்கிலேய இசைக்குழுக்களுக்கும் இடையிலான உறவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பீட்டில்ஸ் அங்கே வந்து இரவு விடுதிகளில் மணிக்கணக்கில் வாசித்தனர். 1962 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஸ்டார் கிளப் அந்தப் போக்குவரத்தின் மையமாயிற்று. நெக்டர் பிறந்த அதே 1969ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஸ்டார் கிளப் மூடப்பட்டது. நடனத்துக்கு வாசிக்கும் குழுக்களின் காலம் முடிந்து, உட்கார்ந்து கேட்கும் இசையின் காலம் தொடங்கியதை இவ்விரு நிகழ்வுகளும் ஒரே ஆண்டில் காட்டி நிற்கின்றன.

பீட்டில்ஸ் முதலிய குழுக்கள் ஹாம்பர்க்கில் தேறி இங்கிலாந்துக்குத் திரும்பிப் புகழ் பெற்றன. நெக்டர் திரும்பவில்லை. ஜெர்மனியிலேயே தங்கி, ஜெர்மானிய நிறுவனத்துக்காக, ஜெர்மானிய ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் முதல் தொகுப்பைச் செய்தது. பிராங்ஃபர்ட்டின் பெல்லஃபோன் நிறுவனத்தின் கிளையாகிய பசில்லஸ் அதனை வெளியிட்டது. தயாரிப்பாளர் பீட்டர் ஹவ்கே. பதிவு நடந்த இடம் கொலோன் நகருக்கு அருகிலுள்ள ஷ்டோமெல்ன் என்னும் ஊரில் டீட்டர் டிர்க்ஸ் நடத்திய கூடம். இதனால் நெக்டரை ஜெர்மானிய ராக் இசையின் பட்டியலில் சேர்ப்போரும் உளர், ஆங்கிலேயப் புரோகிரசிவ் ராக் பட்டியலில் சேர்ப்போரும் உளர். இரு பட்டியல்களிலும் அவர்கள் ஓரத்திலேயே நிற்கின்றனர். தேசிய எல்லைகளைக் கொண்டு இசை வரலாற்றை வகுக்கும்போது நேரும் இழப்புகளுள் இதுவும் ஒன்று.

இந்த இருப்பிடம் இசையின் அமைப்பையும் பாதித்தது எனக் கொள்ளலாம். நெக்டரின் பாடல்வரிகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. எதிரே அமர்ந்தோர் பெரும்பாலும் ஜெர்மன் மொழியினர். ஓரளவு ஆங்கிலம் அறிந்தோரும் உரத்த மின்னிசையின் நடுவே ஒரு கதையின் நுணுக்கங்களைப் பின்தொடர்வது கடினம். கதை சொல்ல விரும்பும் குழு ஒன்று இந்நிலையில் சொல்லை நம்பி இருக்க முடியாது. அக்காலத்தில் இதே இடர்ப்பாட்டைப் பிறர் வேறு வழிகளில் தீர்த்தனர். பிரான்சின் மாக்மா குழு 1970இல் வெளியிட்ட தன் முதல் தொகுப்பில், பூமியை விட்டுக் கொபாயா என்னும் கோளில் குடியேறுவோரின் கதையைச் சொல்லக் கொபாயன் என்னும் புது மொழியையே படைத்துக்கொண்டது. யாருக்கும் புரியாத மொழியில் பாடினால் அனைவரும் சமமாகக் கேட்பர். பெர்லினைச் சேர்ந்த டேஞ்சரின் டிரீம், டிர்க்ஸின் அதே கூடத்தில் 1971ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதிவு செய்த ‘ஆல்ஃபா சென்டாரி’யில் சொல்லைப் பெரும்பாலும் கைவிட்டுக் கருவியிசையாலேயே விண்வெளியைக் காட்ட முயன்றது. நெக்டர் சொல்லையும் விடவில்லை, மொழியையும் மாற்றவில்லை. கண்ணுக்கு ஒரு வழியைத் திறந்தது.

எண்ணெயும் நீரும் வெப்பமும்

திரவ ஒளிக்காட்சி என்பது ராக் இசையோடு பிறந்ததன்று. 1952ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியின் ஓவிய ஆசிரியர் சீமோர் லாக்ஸ் கண்ணாடிக் கலங்களில் வண்ணத் திரவங்களைக் கலக்கி, ஒளிவீழ்த்தியின் வழியே திரையில் காட்டினார். பின்னர் அது இசையரங்குகளுக்குப் பரவியது. 1966 டிசம்பரில் தொடங்கிய இலண்டனின் யு.எஃப்.ஓ. கிளப்பில் பிங்க் ஃபிளாய்டும் சாஃப்ட் மெஷினும் இத்தகைய ஒளியின் நடுவே வாசித்தன. சாஃப்ட் மெஷினுக்கு ஒளி அமைத்தவர்கள் மார்க் பாயிலும் ஜோன் ஹில்ஸும்.

வேலைமுறை எளிது, கைத்திறன்தான் அரிது. கடிகார முகப்புக் கண்ணாடி போன்ற குழிந்த கண்ணாடித் தட்டுகள் இரண்டு வேண்டும். ஒன்றில் நிறம் ஏற்றிய எண்ணெயும் நிறம் ஏற்றிய நீரும் ஊற்றப்படும். மற்றொன்றை அதன்மேல் வைத்து, ஒளிவீழ்த்தியின் மேடையில் இருத்திக் கையால் அழுத்தியும் தளர்த்தியும் சுழற்றியும் இயக்குவர். எண்ணெயும் நீரும் கலவாமல் ஒன்றையொன்று தள்ளிக் குமிழியாகவும் நரம்பாகவும் பிரியும். விளக்கின் வெப்பம் திரவத்தைத் தானும் அசைக்கும். இசையின் துடிப்புக்கு ஏற்பக் கை துடித்தால் திரையில் உள்ள உருவம் உயிருள்ளதுபோல் விரியும், சுருங்கும். இவ்வுருவங்கள் பெரும்பாலும் எதை ஒத்திருக்கின்றன என்று கேட்டால், பார்த்தோர் சொல்லக்கூடிய விடைகள் மூன்று: உயிரணு, விண்முகில், கண்மணி. வட்டத் தட்டின் நடுவே ஒரு கரும்புள்ளியும் அதைச் சூழ்ந்து நிற வளையமும் அமைந்தால் அது கண்ணாகவே தெரியும். நெக்டரின் முதல் தொகுப்பில் விண்முகிலும் கண்மணியும் பகுதித் தலைப்புகளாகவே வருகின்றன என்பது இங்கே கருதத்தக்கது.

ஒளிக்கலைஞரைக் குழுவின் உறுப்பினராகக் கொள்வதற்கு முன்மாதிரி உண்டு. கிங் கிரிம்சன் குழுவின் 1969ஆம் ஆண்டு முதல் தொகுப்பில் பீட்டர் சின்ஃபீல்டின் பணி ‘சொற்களும் ஒளியூட்டலும்’ எனக் குறிக்கப்பட்டது. எனினும் சின்ஃபீல்ட் பாடலாசிரியராகவே நினைவுகூரப்படுகிறார். அவர் தந்த ஒளியை வரலாறு மறந்துவிட்டது. சொல் தட்டில் பதிந்தது, ஒளி பதியவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் காண்பது அரிது. பிராக்கெட்டுக்கு அந்தச் சொற்காப்பும் இல்லை.

கதையும் தொடர்ச்சியும்

தொகுப்பின் கதைக்கூறு சிறியது. சனிக்கோளை நோக்கிச் செல்லும் விண்வெளி வீரன் ஒருவன் வழியில் வேற்றுலகினரைச் சந்திக்கிறான். அவர்கள் அவனைத் தம் விண்மீன் மண்டலத்துக்கு இட்டுச்சென்று பேரறிவை அளிக்கின்றனர். அந்த அறிவின் கண்கொண்டு அவன் காண்பவற்றுள் அணுப்படைக்கலப் போட்டியின் முடிவும் அடங்கும். இதற்குமேல் நிகழ்ச்சி என்று சொல்ல அதிகம் இல்லை. வீரனுக்குப் பெயர் இல்லை; வேற்றுலகினருக்கு உருவ வருணனை இல்லை; உரையாடலும் இல்லை.

தட்டில் பதின்மூன்று பகுதிகள் பெயரிடப்பட்டுள்ளன. ஆனால் இவை தனிப்பாடல்கள் அல்ல; முழுவதும் ஒரே இசைப்படைப்பு என்பதே குழுவினரின் கருத்து. கேட்போருக்கும் அவ்வாறே படும். ஒரு பகுதி முடியும் இடத்தில் அமைதி இல்லை. ஆர்கனின் நீண்ட சுரமோ எதிரொலியோ அடுத்ததற்குள் கொண்டுசேர்க்கிறது. ஏறத்தாழ 42 நிமிட இசையைத் தட்டின் இரண்டு பக்கங்களில் பிரித்தாக வேண்டிய கட்டாயம் தொழில்நுட்பத்தால் வந்தது. அந்த வெட்டு ‘த டிரீம் நெபுலா’ என்னும் பகுதியின் நடுவில் விழுகிறது: முதற்பாதி முதற்பக்கத்தின் இறுதியில், இரண்டாம் பாதி இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில். கனவு விண்முகிலுக்குள் நுழைந்தவர் எழுந்து சென்று தட்டைத் திருப்பிவைத்து மீண்டும் அதே முகிலுக்குள் புக வேண்டும். குறுந்தகட்டில் கேட்பவருக்கு இந்த இடையூறு தெரியாது. இரண்டு பாதிகளாக ஏன் பிரிந்துள்ளது என்பதும் புரியாது.

இங்கே ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாடல்வரிகளைத் தனியே எடுத்துப் படித்தால் அவை உயர்ந்த கவிதை அல்ல. அக்கால ராக் இசையில் எங்கும் காணக்கூடிய மனம், ஒளி, கனவு என்னும் சொற்களே இங்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. இதே குழு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் செய்த ‘ரிமெம்பர் த ஃபியூச்சர்’ மெட்டமைப்பிலும் குரலிசையிலும் இதைவிடத் தேர்ந்தது. அமெரிக்காவில் பில்போர்டு பட்டியலில் 19ஆம் இடம் வரை உயர்ந்ததும் அதுவே. ஆயினும் முதல் தொகுப்பில் உள்ள ஒன்று பின்னதில் இல்லை. பின்னதில் மெட்டு கதையைத் தாங்குகிறது. முதலாவதில் இடம் கதையைத் தாங்குகிறது. ஒலி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தொலைவில் உள்ளது, எப்போது நெருங்குகிறது என்பவை நிகழ்ச்சிகளாகின்றன. மெல்லோட்ரான் நாடாக்களின் நடுங்கும் நரம்பிசையும் கிதாரின் மேல் படிந்த எதிரொலியும் சேர்ந்து ஓர் அறையை, பிறகு அறையே இல்லாத வெளியை உண்டாக்குகின்றன. மேடையில் திரை செய்த வேலையின் ஒரு பகுதியைக் கூடத்தில் எதிரொலி செய்திருக்கிறது எனலாம்.

சனிக்கோளும் கண்ணும்

தலைப்பு ஜூல் வேர்னின் 1864ஆம் ஆண்டுப் புதினத்தை நினைவூட்டுகிறது. பூமியின் நடுவம் நோக்கிய பயணம் என்பது வேர்னின் தலைப்பு. ஆங்கிலத்தில் பூமியைக் குறிக்கும் சொல்லுக்கு ஈடாக கண்ணைக் குறிக்கும் சொல்லை வைத்தது நெக்டர். வேர்னின் மாந்தர் அறிவியல் கருவிகளோடு பொருளுலகின் ஆழத்துக்குள் இறங்கினர். இங்கே வெளியே செல்லும் பயணம் திடீரெனப் பார்ப்பவனின் உள்ளே திரும்புகிறது. பகுதித் தலைப்புகளின் வரிசையே இந்தத் திருப்பத்தைக் காட்டும். விண்வெளி வீரனின் தீக்கனவில் தொடங்கி, கனவு விண்முகிலைக் கடந்து, எல்லாம் மனத்தில் உள்ளது என்னும் பொருள்தரும் தலைப்பை அடைந்து, கண்களை எரித்தல், பார்வையின் வெறுமை, கண்மணி, உன்னுள் நோக்கு என்று சென்று மனத்தின் இறப்பில் நிற்கிறது. இரண்டாம் பகுதியிலேயே ‘தீக்கனவு’ என்னும் சொல் வந்துவிடுவதால், பயணம் உண்மையில் நிகழ்ந்ததா என்னும் ஐயம் தொடக்கத்திலிருந்தே உடன்வருகிறது.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 1968 ஏப்ரலில் திரைக்கு வந்தது. அதன் இறுதியில் விண்வெளி வீரன் ஒளிப்பெருக்கினூடே செல்லும்போது, நிறம் மாறும் அவன் கண் திரையை நிறைக்கிறது. படத்தில் கப்பல் செல்வது வியாழனுக்கு. ஆனால் ஆர்தர் சி. கிளார்க் உடனெழுதிய புதினத்தில் அது சனிக்கோளுக்குச் செல்கிறது. அங்கே சனியின் துணைக்கோளாகிய இயாபெட்டஸின் மேற்பரப்பில் வெண்மையான நீள்வட்டமும் அதன் நடுவே கரும்புள்ளியும் தெரிகின்றன. அத்தோற்றத்தைக் கிளார்க் கண் என்றே பெயரிட்டு ஓர் அதிகாரத்துக்குத் தலைப்பாகவும் வைத்தார். வீரன் அக்கண்ணின் நடுவம் வழியாகவே வேற்றுலகுக்குள் நுழைகிறான். சனிக்கோள், கண், கண்ணின் நடுவம் என்னும் மூன்றும் இரு படைப்புகளிலும் ஒன்றுபடுகின்றன. ஒற்றுமை ஒன்றையே கொண்டு கடனைத் தீர்மானிப்பது ஒப்பிலக்கிய ஆய்வில் ஏற்கப்படாதது. எனினும் 1971இல் சனிக்கோளுக்கு ஒரு கதைமாந்தனை அனுப்பியவர்களும் அதைக் கேட்டவர்களும் அந்த நினைவுச்சூழலுக்குள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. உண்மையான விண்கலம் சனியை முதன்முதலாக அணுகியது 1979இல்தான். 1971இல் அது இன்னும் கற்பனைக்கு உரிய இடமாகவே இருந்தது.

‘பியூப்பில் ஆஃப் த ஐ’ என்னும் தலைப்பில் ஒரு சிலேடை உள்ளது. ஆங்கிலத்தில் கண்மணியைக் குறிக்கும் அச்சொல்லே மாணவனையும் குறிக்கும். வேற்றுலகினரிடம் அறிவு பெறும் வீரன் கண்ணின் மாணவனும் ஆகிறான். அச்சொல்லின் மூலம் சிறுமியையும் பொம்மையையும் குறித்த ஓர் இலத்தீன் சொல். எதிரே நிற்பவரின் சிற்றுருவம் கண்ணில் தெரிவதால் கண்மணிக்கு அது பெயராயிற்று. தமிழில் ‘பாவை’ என்னும் சொல் பெண்ணையும் பொம்மையையும் கண்மணியையும் குறிப்பதும் இதே காட்சியிலிருந்தே. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே காட்சியைக் கண்டு ஒரே பெயரை வைத்துள்ளன. பிறர் கண்ணுக்குள் உற்று நோக்குபவன் அங்கே தன்னையே காண்கிறான் என்பதைத்தான் ‘உன்னுள் நோக்கு’ என்னும் அடுத்த பகுதி, ஒரு நிமிடமும் நிறையாத அளவில் சொல்கிறது.

ஒன்பது மகள்களும் ஒரு மின்வெட்டும்

முதற்பக்கத்தில் உள்ள ‘த நைன் லைஃப்லெஸ் டாட்டர்ஸ் ஆஃப் த சன்’ என்னும் தலைப்பு, ஞாயிற்றின் உயிரற்ற ஒன்பது மகள்கள் எனப் பொருள்படும். தமிழ் வாசகருக்கு உடனே நினைவுக்கு வரும் ஒன்பது கோள்கள் வேறு. நவக்கிரகங்களில் ஞாயிறும் ஒரு கோள்; இராகு கேதுக்களும் உண்டு; பூமி இல்லை. 1971இல் மேலைநாட்டுப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட ஒன்பது கோள்களில் புளூட்டோவும் இருந்தது, பூமியும் இருந்தது. ஞாயிற்றின் மகள்கள் ஒன்பதின்மரும் உயிரற்றவர் என்றால், அந்தக் கணக்கில் பூமியும் இறந்துவிட்டது. தலைப்பை இயற்றியவர்கள் எண்ணிப்பார்த்தே எழுதினரா, எட்டு என்பதற்கு ஒன்பது என வந்துவிட்டதா என வாதிடலாம். தொகுப்பின் பிற்பகுதியில் அணுப்போர் வரும் வழியை நோக்கினால், எண்ணியே எழுதினர் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அணுப்படைக்கலம் ஜெர்மனியில் வாழ்ந்தோருக்குத் தொலைவான செய்தியன்று. இரு வல்லரசு அணிகளின் படைகள் ஒன்றையொன்று நோக்கி நின்ற எல்லை அந்நாட்டின் நடுவே சென்றது. மேற்கு ஜெர்மனியின் மண்ணில் அமெரிக்க அணுப்படைக்கலங்கள் வைக்கப்பட்டிருந்தன. அணுப்படைக்கலப் பரவல் தடை ஒப்பந்தத்தில் அந்நாடு 1969 நவம்பர் 28 அன்று கையெழுத்திட்டது. அதே மாதத்தில்தான் ஹெல்சிங்கியில் படைக்கலக் கட்டுப்பாட்டுப் பேச்சு தொடங்கியது. பேச்சு நடந்தபோதும் சோதனைகள் நிற்கவில்லை. 1971 நவம்பர் 6 அன்று அலாஸ்காவின் அம்சிட்கா தீவில், ஏறத்தாழ 5 மெகாடன் ஆற்றலுடைய குண்டு ஒன்றை அமெரிக்கா நிலத்தடியில் வெடித்தது. அந்நாடு நிலத்தடியில் நடத்திய சோதனைகளுள் அதுவே மிகப் பெரியது.

அணுவெடிப்பு முதலில் தாக்குவது கண்ணை. வெப்பமும் அதிர்வலையும் வந்து சேருமுன் ஒளி வந்துவிடும்; நேரே நோக்கியவரின் விழித்திரையை அது எரிக்கும். தொகுப்பின் மிக நீண்ட பகுதி, ஏறத்தாழ எட்டு நிமிடம் நீளும் ‘பர்ன் அவுட் மை ஐஸ்’, கண்களை எரித்துவிடுமாறு கேட்கும் தலைப்பைக் கொண்டுள்ளது என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். பேரறிவை அளித்த ஒளியும் பேரழிவைத் தரும் ஒளியும் இங்கே பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகின்றன. சைக்கடெலிக் இசையின் பொதுவழக்கில் ஒளி என்பது விடுதலை. நெக்டரில் அது அச்சமும் ஆகிறது. பால் கேன்ட்னர் 1970இல் வெளியிட்ட ‘புளோஸ் அகெய்ன்ஸ்ட் தி எம்பயர்’ என்னும் அறிவியல் புனைவுத் தொகுப்பில் இளைஞர் விண்கப்பல் ஒன்றைக் கவர்ந்துகொண்டு பூமியை விட்டுத் தப்புகின்றனர். அது ஹியூகோ விருதுக்கும் முன்மொழியப்பட்டது. மாக்மாவின் மாந்தரும் வெளியேறிக் குடியமைக்கின்றனர். தப்பிச் செல்லுதல் என்னும் ஆறுதல் நெக்டரின் வீரனுக்கு இல்லை. அவன் பார்க்க மட்டுமே அனுமதிக்கப்பட்டவன்.

இதே ஆண்டுகளில் அப்போலோ விண்வெளி வீரர்கள், கண்களை மூடியிருக்கும்போதும் மின்வெட்டுப்போல் ஒளி தோன்றுவதாக அறிவித்தனர். முதலில் அப்போலோ 11 பயணத்தில் கூறப்பட்ட இதனைப் பின்வந்த பயணங்களில் தனியே கவனித்துப் பதிவு செய்தனர். காஸ்மிக் கதிர்கள் கண்ணுக்குள் ஊடுருவிச் செல்வதே காரணம் என விளக்கப்பட்டது. விண்வெளிக்குச் சென்றவன் தன் கண்ணுக்குள்ளேயே ஒளியைக் கண்டான் என்பது 1971இல் வெறும் புனைவாக இருக்கவில்லை.

தட்டு சொல்லாதவை

மேடையில் இத்தொகுப்பு முழுமையாக நிகழ்த்தப்பட்டபோது பார்வையாளர் திரையின் முன் அமர்ந்தனர். இசைஞர்கள் பெரும்பாலும் அரையிருளில் நின்றனர். கதை வீரன் கண்டவற்றை அவர்களும் கண்டனர். அவனுக்குப் பெயர் தேவைப்படவில்லை, ஏனெனில் அவனுடைய இடத்தில் அமர்ந்திருந்தோர் அவர்களே. வேற்றுலகினரின் உருவத்தைச் சொல்லில் வருணிக்கவும் தேவை எழவில்லை. பாடல்வரியில் இடைவெளியாகத் தெரிபவை அரங்கில் நிரப்பப்பட்ட இடங்கள். பாடல் இல்லாமல் நீளும் கருவியிசைப் பகுதிகளை வீட்டில் கேட்பவர் நீட்சி எனக் கருதலாம். திரையில் ஒரு வட்டம் மெல்லப் பிரிந்து விரிவதற்கு வேண்டிய நேரம் அது.

இதனை மெய்ப்பிக்க முழுமையான பதிவு இருந்தால் இவ்வாதத்துக்கே இடமிராது. திரவ ஒளி பதிவுக்கு இணங்காதது. நிழற்படம் அதன் அசைவை நிறுத்திவிடும். அக்காலத் திரைப்படச்சுருளுக்கு அரங்கின் மங்கிய ஒளி போதாது. கண்ணாடித் தட்டில் ஊற்றிய கலவை அன்றிரவே கழுவப்பட்டது. அடுத்த இரவு அதே நிறங்களைக் கலந்தாலும் அதே உருவம் வராது. கீத் வால்டர்ஸின் நிலைப்படங்கள் போன்றவை பொருளாக எஞ்சக்கூடியவை; பிராக்கெட்டின் கலையில் எஞ்சக்கூடியது செய்முறை மட்டுமே. ஹெல்முட் வென்ஸ்கே வரைந்த உறையோவியம் ஒன்றே வாங்குவோர் கண்ணுக்குக் கிடைத்த காட்சி.

ராக் இசை வரலாற்றில் மேடையின் காட்சிப்பக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிங்க் ஃபிளாய்டோடு தொடங்கி அதனோடு முடிகிறது. அவர்களிடம் பெரும்பொருளும் பின்னாளில் எடுக்கப்பட்ட திரைப்படங்களும் இருந்தன. நெக்டர் போன்ற குழுக்களை ஆராய வேண்டுமானால் நிகழ்ச்சி விளம்பரத் தாள்கள், அரங்குகளின் கணக்கேடுகள், உள்ளூர்ச் செய்தித்தாள்களின் விமரிசனங்கள், பார்த்தோரின் வாய்மொழி ஆகியவற்றைத் தட்டுக்கு இணையான சான்றுகளாகக் கொள்ள வேண்டும். வாய்மொழிச் சான்றுக்குக் காலம் குறைந்துவருகிறது. ராய் ஆல்பிரைட்டன் 2016ஆம் ஆண்டு ஜூலையில் காலமானார். 1971இல் அரங்கில் இருபது வயதில் அமர்ந்திருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர்.

‘ரிமெம்பர் த ஃபியூச்சர்’ தொகுப்பின் நாயகன் பார்வையற்ற சிறுவன். புளூபேர்ட் என்னும் வேற்றுலக உயிர் அவனோடு தொடர்புகொண்டு மனித வரலாற்றை உணர்த்துகிறது. முதல் தொகுப்பில் கண் எரிந்துபோன ஒருவன். மூன்றாம் ஆண்டில் கண்ணில்லாமலேயே காணும் ஒருவன். அதற்குள் இக்குழுவின் இசை, ஒளிக்காட்சியைக் காணவே வாய்ப்பில்லாத அமெரிக்க வானொலி நேயர்களையும் சென்றடையத் தொடங்கியிருந்தது.